வாரண்டியில் சேராதது

பேட்டரி மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்று இருந்தால் போதும். கழற்றும்போது முதலில் கறுப்பு வயர், பிறகு சிவப்பு. மாட்டும்போது சிவப்பு முதலில். அவ்வளவுதான். உங்கள் வண்டிக்கு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் யாரும் செய்வதில்லை. பானெட்டைத் திறந்ததும் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் ஒரே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் அப்படி நிற்பதை நம்பித்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

பழைய கார் விற்கும் கம்பெனியில் வாரண்டிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் நான். பிரிவு என்றதும் பத்துப் பேர் இருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கண்ணாடித் தடுப்பு, ஒரு மேசை, நான். ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துணியோடு அலைந்துகொண்டிருந்தவனை முதலாளிதான் சட்டையை உள்ளே விடச் சொல்லி அங்கே உட்கார வைத்தார். "உனக்கு வண்டியும் தெரியுது, வாயும் இருக்கு. இங்க வாய்தான் முக்கியம்" என்றார். நல்ல மனிதர். ஆள் பார்த்து வேலை கொடுப்பார்.

எங்கள் ஷோரூம் வாசலில் ஒரு பலகை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இந்த ஆண்டு வாரண்டி கோரிக்கைகள்: பூஜ்யம்.' அந்தப் பூஜ்யத்தை எழுத வைத்தவன் நான்தான். வருகிறவர்கள் அதை ஒருமுறை பார்ப்பார்கள், மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு வண்டியைச் சரியாகக்கூடப் பார்க்க மாட்டார்கள். கோரிக்கையே வரவில்லை என்றால் வண்டிகள் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். நாங்கள் ஒரு பொய்யும் சொல்வதில்லை.

அது எப்படிப் பூஜ்யமாகவே இருக்கிறது என்று கேட்கிறீர்கள். வாரண்டிப் புத்தகத்தை யாராவது கடைசிப் பக்கம் வரை படித்தால் புரிந்துவிடும். முன் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எஞ்சின், கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர், சென்சார் எல்லாவற்றுக்கும் நாங்கள் பொறுப்பு என்று இருக்கும். கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் டயர், வைப்பர், பல்பு, பேட்டரி ஆகியவை சேராது என்று இருக்கும். சேரும் பொருளை மாற்றினால் அது கோரிக்கை. பூஜ்யம் ஒன்றாகிவிடும். சேராத பொருளை மாற்றிக் கொடுத்தால் அது அன்பளிப்பு. ஆகவே எங்களிடம் யார் என்ன குறையோடு வந்தாலும் நான் பேட்டரியைத்தான் மாற்றிக் கொடுப்பேன்.

சிரிக்காதீர்கள். ஏசி குளிரவில்லை என்று வந்த ஒருவருக்கும் பேட்டரிதான் போட்டு அனுப்பினேன். "இப்ப பரவாயில்லை, நல்லா ஜில்லுனு வருது" என்று போன் செய்து சொன்னார். அன்று மழை.

பேட்டரிக்குச் செலவும் கிடையாது. யார்டில் நிற்கும் இன்னொரு வண்டியிலிருந்து கழற்றி, வெந்நீரால் துடைத்து, முனைகளில் வாஸ்லின் தடவி, புது ஸ்டிக்கர் ஒட்டினால் மணப்பெண் மாதிரி இருக்கும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. கொஞ்சம் பழைய மாடல்களில் பேட்டரி வயரை அரை மணி நேரம் கழற்றி வைத்தால் எஞ்சினின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். கோளாறு இருக்கிறது என்று டாஷ்போர்டில் எரிகிற மஞ்சள் விளக்கு அணைந்துவிடும். கோளாறு அப்படியேதான் இருக்கும். அது மறுபடி தலைகாட்டும் வரை விளக்கு வாயைத் திறக்காது. வாடிக்கையாளருக்கு வேண்டியதும் விளக்கு அணைவதுதான், ஐயா. கோளாறு போக வேண்டும் என்று கேட்டு வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அதற்குத்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

என் அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். என் படிப்பும் அந்தத் தையல் மிஷினில் ஓடியதுதான். மலைப்பாதைக்கு அந்தப் பக்கம் இரண்டு பள்ளிகளின் ஆர்டர் அவளுக்குப் புதிதாகக் கிடைத்தது. மூட்டைகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு அந்த ஏற்றத்தில் போக முடியாது. மாமாவுக்கு, அதாவது அவள் வீட்டுக்காரருக்கு, கண் பார்வை மங்கல். எனவே அந்த வயதில் அவளே ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்சும் வாங்கி, நேராக என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"வெளியில போய் எவன்கிட்டயாவது ஏமாற வேணாம்னுதான்டா உன்கிட்ட வந்தேன்" என்றாள். "நீ எதைக் காட்டுறியோ அதை எடுத்துக்கிறேன்."

நான் சாம்பல் நிற வண்டியைக் காட்டினேன். அந்த வண்டியில் ஒரு சென்சார் பழுது. எஞ்சின் சுற்றுகிறதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார் அது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அது ஊமையாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடும். ஸ்டியரிங் கல் போல இறுகும், பிரேக்கை மிதித்தால் மரத்தை மிதித்தது போல இருக்கும். ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகும். இதெல்லாம் எனக்கு அன்றே தெரியும். வண்டி உள்ளே வந்தபோது சோதித்துப் பார்த்தவனே நான்தான்.

தெரிந்தே ஏன் அக்காவுக்குக் கொடுத்தாய் என்கிறீர்கள். என் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். அதை யாராவது வாங்கித்தான் ஆக வேண்டும். அந்நியன் வாங்கினால் சண்டைக்கு வருவான். வக்கீலைக் கூட்டி வருவான். ஷோரூமில் பத்துப் பேர் முன்னால் கத்துவான். அக்கா கத்த மாட்டாள். இதைவிடப் பொருத்தமான கை அந்த வண்டிக்குக் கிடைத்திருக்காது. போகும்போது பேட்டரியும் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளாம்.

முதல் தடவை வண்டி சிக்னலில் நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டியிருக்கிறார்கள். முகமெல்லாம் வேர்த்துப்போய் வந்தாள். பேட்டரி மாற்றினேன். விளக்கு அணைந்தது. அடுத்த நாள் மதியம் எனக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் தடவை மலைப்பாதையின் ஏற்றத்தில் நின்றது. வண்டி பின்னால் உருளத் தொடங்கியதும் கைபிரேக்கைப் பிடித்து எப்படியோ நிறுத்தியிருக்கிறாள். இந்தத் தடவை உட்காரக்கூட இல்லை.

"எனக்குப் பயமா இருக்குடா. பேட்டரி போனா வண்டி கிளம்பாதுன்னுதானே சொல்வாங்க. இது போய்க்கிட்டு இருக்கும்போதே நிக்குது. எங்க தெருமுனை ஒர்க்‌ஷாப்ல ஒருதடவை காட்டட்டுமா?"

புத்திசாலி, ஐயா. சரியான கேள்வியைத்தான் கேட்டாள்.

"அக்கா, வெளி ஆள் கை வைச்சா வாரண்டி போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது" என்றேன். "என்மேல நம்பிக்கை இல்லைன்னா தாராளமா காட்டு."

"நம்பிக்கை இல்லாமலா. சும்மா கேட்டேன்" என்றாள். வெளி ஆள் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்பது புத்தகத்தில் உள்ளதுதான். நானாக இட்டுக்கட்டவில்லை. மூன்றாவது பேட்டரியைப் போட்டு அனுப்பினேன்.

என் மேசை இழுப்பறையில் நீங்கள் எடுத்த அந்தச் சின்னப் பொருள் என்ன என்று கேட்டீர்கள். அதுதான் சென்சார். அக்கா வண்டிக்காக நானே என் கைக்காசில் வாங்கி வைத்தது. பாருங்கள், டப்பாவைக்கூடப் பிரிக்கவில்லை, புத்தம் புதிது. அக்காமேல் எனக்கு அக்கறை இல்லை என்று மாமா சொல்லியிருந்தால் தயவுசெய்து அதை அவரிடம் காட்டுங்கள். அடுத்த வாரம் வண்டியின் வாரண்டி முடிகிறது. முடிந்த மறுநாளே அதை என் கையாலேயே மாட்டிவிடுவதாக இருந்தேன். வாரண்டிக்குள் மாட்டினால் அது கோரிக்கை. வாரண்டி முடிந்து மாட்டினால் அது ஒரு தம்பி அக்காவுக்குச் செய்கிற உதவி.

யாருக்கும் தெரியாமல் முன்பே மாட்டியிருக்கலாமே, கால் மணி நேர வேலைதானே என்கிறீர்கள். செய்திருக்கலாம். ஆனால் வாரண்டிக் காலத்தில் திருட்டுத்தனமாக ஒரு பாகத்தை மாற்றுவது விதிமீறல். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அன்றைக்குக் காலையில் அவள் போன் செய்தபோது நான் தலைமை அலுவலகத்தின் ஆண்டு விழாவில் இருந்தேன். எல்லாக் கிளைகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பூஜ்யக் கோரிக்கைக்கான கேடயம் எங்கள் கிளைக்கு. மேடைக்குப் பக்கத்தில், கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, முதலாளிக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

"மஞ்ச விளக்கு மறுபடி எரியுதுடா" என்றாள். "காலையில கடைக்குப் போய்ட்டு வரும்போது ஒருதடவை நின்னுடுச்சு. நாளைக்கு ஸ்கூல் திறக்குறாங்க. மூட்டையெல்லாம் ஏத்தியாச்சு. இப்ப நான் என்ன பண்ணட்டும்? வேற வண்டி பிடிச்சுப் போகட்டுமா?"

மேடையில் எங்கள் கிளையின் பெயரைக் கூப்பிட்டார்கள். முதலாளி திரும்பிப் பார்த்து, போனில் யார் என்று கண்ணால் கேட்டார். நான் சிரித்தேன். வேறு வண்டியில் போனால் அவள் வண்டி வீட்டு வாசலில் நிற்கும். மாமா சும்மா இருக்க மாட்டார். தெருமுனை ஒர்க்‌ஷாப்காரனைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவன் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். சென்சார் வாரண்டியில் சேரும். கேடயத்தை இடது கையில் வாங்கிக்கொண்டே மாமாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

"விளக்கு எரிஞ்சா எரியட்டும், அது ஒண்ணும் பண்ணாது. நீ தைரியமா கிளம்புக்கா" என்றேன். "நான் இருக்கேன்ல."

கிளம்பிவிட்டாள்.

மேட்டில் ஏறும்வரை ஓடியிருக்கிறது. ஏறி முடித்து, மறுபக்கம் இறங்கும்போது எஞ்சின் அணைந்திருக்கிறது. அங்கே வளைவு இருக்கிறது, உங்களுக்கே தெரியும். திருப்பப் பார்த்திருக்கிறாள், ஸ்டியரிங் கேட்கவில்லை. தடுப்புச் சுவர் வரை ரோட்டில் பிரேக் போட்ட தடம் நீளமாக இருந்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பாவம், பலம் கொண்ட மட்டும் மிதித்திருக்க வேண்டும். ரோடு முழுக்க வெள்ளைச் சட்டைகள் கிடந்தன. பொத்தான் எல்லாம் கச்சிதமாகத் தைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது அவளுக்கு நினைவு இருந்தது. மாமா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும், "வண்டியில ஏதோ கோளாறு இருந்திருக்கு மாப்ளே. எத்தனை தடவைதான் இவ வந்து சொன்னா" என்று குரலை உயர்த்தினார். அக்கா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். "பேட்டரிதான் போயிருக்கும். அவன் என்ன பண்ணுவான், பாவம்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. சாயங்காலம் போய்விட்டாள்.

கம்பெனியின் விபத்து அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'பேட்டரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அது பொய் என்று எனக்குத் தெரியும். சென்சார்தான் என்று தெரியும். வண்டி நிற்கும் என்று தெரியும். ஏற்றத்தில் எஞ்சின் சூடாகும், எனவே எங்கே நிற்கும் என்பதுகூட ஏறக்குறையத் தெரியும். தெரிந்துதான் போகச் சொன்னேன். இதையெல்லாம் நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம், நான் எதையும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அறிக்கையை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். பேட்டரி என்று அக்கா தன் வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், ஐயா. அவள் பேச்சை நான் ஒருநாளும் தட்டியதில்லை.