நிற்காத கண்

அக்கா: தலைய ஆட்டாத. நாடிய மெஷின் தாங்கிமேல வை.

தம்பி: காபிக்கு முன்னாடிதான் ஒரு தடவை வச்சேனே. இன்னொரு தடவையா?

அக்கா: பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்கள நீ காக்க வைக்கிறதவிடக் கம்மி நேரந்தான். வலது ஓரத்துல பச்சைப் புள்ளி தெரியுதா? அதையே பாரு.

தம்பி: பாத்துட்டுதான் இருக்கேன்.

அக்கா: இல்ல. கண்ணு நழுவி நடுவுக்கு வருது.

தம்பி: நான் ஒண்ணும் நழுவ விடல.

அக்கா: நீ விடறதுக்கு அதுல ஒண்ணுமில்ல. மூளைத்தண்டு தானா பாத்துக்கிற வேலை அது.

தம்பி: அப்ப அதையே கேளு.

அக்கா: பன்னெண்டு வருஷமா அதத்தான் கேக்குறேன். கண்ணத் திருப்ப ஒரு கூட்டம் நரம்பு இருக்கு. திருப்பின இடத்துல நிறுத்தி வைக்க இன்னொரு கூட்டம். அத அப்படியே கம்ப்யூட்டர்ல கணக்காக் கட்டியிருக்கேன். அதுதான் மாடல்.

தம்பி: அம்மா ஊரெல்லாம் நீ மாடலிங் பண்றேன்னு சொல்லிட்டுத் திரியுது. ஏதோ சோப்பு விளம்பரம்னு நினைச்சுட்டாங்க.

அக்கா: நானும் மறுக்கல. இடது புள்ளி... இங்கயும் நழுவுது. நழுவி, எகிறிப் போயி, மறுபடி நழுவுது.

தம்பி: உன் மாடல் என்ன சொல்லுது?

அக்கா: கண்ணு அசையாம நிக்கும்னு சொல்லுது.

தம்பி: அப்ப மாடல் தப்பு. வியாதி இல்லாத சாதாரண ஆளு ஒருத்தன் வேணும்னு நீதானே கூப்பிட்ட?

அக்கா: நானும் அப்படித்தான் நினைச்சேன். நீ காபி குடிக்கப் போன நேரத்துல, அந்த நிறுத்தி வைக்கிற கூட்டத்துல ஒரு ஓட்டை போட்டுப் பாத்தேன்.

தம்பி: ஓட்டையா?

அக்கா: ஓட்டைக் குடத்துல தண்ணி நிக்காதில்ல, அந்த மாதிரி. போட்டதும் திரையில மாடலோட கோடு, உன் கண்ணு போட்ட கோட்டு மேலயே வந்து படுத்துக்கிச்சு. இந்தா பாரு.

தம்பி: ...அழகாத்தான் இருக்கு.

அக்கா: வியாதின்னா பெரும்பாலும் ஒரு பக்கம் கூடக் குறைய இருக்கும். உனக்கு ரெண்டு பக்கமும் தராசுல நிறுத்த மாதிரி இருக்கு. குடிச்சிருந்தா இப்படி வரும்.

தம்பி: காலைல பதினொரு மணிக்கா?

அக்கா: ஊது.

தம்பி: அக்கா...

அக்கா: ஊதுடா. ...வெறும் காபிதான். அப்ப மாத்திரை.

தம்பி: என்ன மாத்திரை?

அக்கா: அத நீதான் சொல்லணும். வலிப்புக்குக் குடுக்கிற மாத்திரை சிலது, அளவு கூடினா, இதே ஓட்டையப் போடும்.

தம்பி: உன் கம்ப்யூட்டர் ரொம்பப் பேசுது.

அக்கா: வலிப்பு எப்ப வந்துச்சு?

தம்பி: ரெண்டு மாசம் முன்னாடி. டிப்போ ஓய்வறையில. ஒரே ஒரு தடவை.

அக்கா: நாக்கக் கடிச்சுக்கிட்டியா?

தம்பி: லேசா. வீட்ல டீ சுட்டுருச்சுன்னு சொன்னேன்.

அக்கா: டாக்டர்?

தம்பி: பாத்தேன். மாத்திரை எழுதிக் குடுத்தாரு. ஒரு மாசத்துல மறுபடி வரச் சொன்னாரு... போகல.

அக்கா: இன்னைக்கே போறோம். அவரு அளவ மாத்தினா கண்ணு நின்னுரும், அது சின்ன விஷயம். அறுபது பேர ஏத்திக்கிட்டு நீ...

தம்பி: இரு. பன்னெண்டு வருஷமா என்னைக் கூப்பிடாத மெஷினுக்கு இன்னைக்கு ஏன் கூப்பிட்ட?

அக்கா: மாடலுக்கு ஆளே தேவையில்ல, அது போன வருஷமே முடிஞ்சிருச்சு. உன் பொண்டாட்டிதான் போன் பண்ணி அழுதா. சாப்பிடறப்ப உன் கண்ணு துடிக்குதாம். என்னன்னு கேட்டா எரிஞ்சு விழுறியாம்.

தம்பி: அவளா போன் பண்ணா?

அக்கா: டிப்போவுக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? அடுத்த டிரிப் எத்தனை மணிக்கு?

தம்பி: டிரிப்பே இல்லக்கா. வலிப்பு வந்து விழுந்த அன்னைக்கே பஸ் சாவியக் குடுத்துட்டேன். ரெண்டு மாசமா டிரைவர் சட்டையப் போட்டுக்கிட்டுப் போயி பஸ் கழுவுறேன். டிப்போவுல எல்லாருக்கும் தெரியும்... வீட்ல அவகிட்ட மட்டும் நீ சொல்லிடேன்.