கட்டம் டீச்சர் விட்டுச் சென்ற ஒன்பது சீட்டுகள்

மேடையில் இருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே, இரண்டு ஷிப்ட் ஆசிரியப் பெருமக்களே, அலுவலகத் தோழர்களே, பழைய மாணவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டீச்சரின் கணவர் தையற்கடை ஐயா அவர்களே, அவருடைய மகளே, எல்லோருக்கும் வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாக மைதானத்தில் விசில் ஊதிப் பழகியவன் நான். மைக் எனக்குப் புதிது. குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கணித ஆசிரியை, இருபத்தாறு ஆண்டுகள் இந்தப் பள்ளியின் கால அட்டவணையைத் தயாரித்தவர், மூவாயிரத்து எண்ணூறு பிள்ளைகளும் ‘கட்டம் டீச்சர்’ என்று அழைத்த அம்மையார், இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாரடைப்பால் காலமானார். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு பெரிய பலகை அவரிடம் இருந்தது. அதனால் வந்த பெயர்.

ஒரு சேமிப்புக் கிடங்கில், மூன்று அறைகளில், தொண்ணூறு பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி இது. தொழிற்சாலைகள் வந்தன, குடும்பங்கள் வந்தன, பிள்ளைகள் வந்தார்கள். வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்லை என்பது நம் பழக்கம். பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் வந்த பிள்ளையை எங்கே உட்கார வைப்பது? யார் யோசித்தார்கள்? நானா? நீங்களா? கட்டம் டீச்சர் யோசித்தார்!

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சீட்டு, எந்த அறையோ அந்தக் கட்டத்தில் குண்டூசியால் குத்துவார். ஒரு வகுப்பு ஆய்வகத்துக்குப் போனால், அந்த அறையில் இன்னொரு வகுப்பு. அது மைதானத்துக்கு வந்தால், அங்கே வேறொன்று. ஓர் அறை சும்மா இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஆசிரியர்களைச் சம்மதிக்க வைப்பது அதைவிடப் பெரிய வேலை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான் கறக்க வேண்டும். அவர் இரண்டும் செய்தார். வரலாற்று ஆசிரியருக்கு முட்டிவலி. அவர் வாய் திறக்கும் முன்பே, “ரெண்டாவது மாடி உங்களுக்கு வேண்டாம் சார், நீங்க படியேறுறத நேத்தே பார்த்துட்டேன்” என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எந்தப் பாடவேளை கொடுத்தாலும் எடுத்தார்.

அவர் தவறே செய்யாதவர் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் அவரே எழுந்து வந்து திருத்துவார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு ‘ஜே’ பிரிவு, புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில் மட்டும் விட்டுப்போனது. அறையும் இல்லை, ஆசிரியரும் இல்லை. நாற்பத்தாறு பிள்ளைகள். வாயைத் திறப்பார்களா? பதினோரு வாரம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தார்கள். வாராவாரம் நான் அவர்களைப் பார்த்தேன். ஓவிய வகுப்பு, மரம் வரைகிறார்கள் என்று நினைத்து, “சத்தம் போடாம வரைங்கடா!” என்று அதட்டினேன். பணிவாகத் தலையாட்டினார்கள்!

விஷயம் தெரிந்ததும் அப்போதைய தலைமையாசிரியர், “வெளிய சொல்லாதீங்கம்மா, மானம் போயிடும்” என்றார். டீச்சர் என்ன செய்தார்? மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நின்றார். “ஒரு வகுப்பையே நான் பதினோரு வாரம் தொலைச்சிருக்கேன். தப்பு என்னோடது. அந்தப் பதினோரு பாடத்தையும் நானே எடுப்பேன்” என்றார். “எங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல டீச்சர், விட்டுருங்க!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். விடவில்லை. தன் ஓய்வு வேளையில் பதினொன்றையும் எடுத்து முடித்தார். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் திறப்பு நாளில், பாடவேளைக்குப் பாடவேளை, சீட்டுக்கட்டோடு எல்லா அறைகளுக்கும் நடந்தார்.

இனி சொல்லப்போவது எனக்குக் கஷ்டமானது.

கிழக்குக் கட்டடம் விரிசல் விட்டு, பதினான்கு அறைகளுக்குப் பொறியாளர் பூட்டுப் போட்டது உங்களுக்குத் தெரியும். பள்ளி திறப்பதற்குள் இடம் காட்டாவிட்டால், இடமில்லாத மதிய ஷிப்ட் வகுப்புகள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அங்கே போக இரண்டு பேருந்து மாற வேண்டும். டீச்சர் பதினான்கு வகுப்புகளில் ஐந்துக்கு இடம் கண்டுபிடித்துவிட்டார். ஒன்பது சீட்டுகள் குத்த இடமில்லாமல் மிஞ்சின. அப்போதுதான் என்னிடம் வந்தார், என் உள்விளையாட்டு ஹாலைக் கேட்டு.

முதல் முறையல்ல. அவர் விடாக்கண்டர் என்றால் நான் கொடாக்கண்டன். “சார், பசங்க ஓடுறதுக்கு வானம் இருக்கு. உட்கார்றதுக்குத்தான் கூரை வேணும்” என்றார். “மழைக்காலத்துல எங்க டீச்சர் ஓடுவாங்க?” என்றேன். “ரெண்டு பஸ் மாறணும்னா பொண்ணுங்கள வீட்டுலயே நிறுத்திருவாங்க சார். ஒன்பது வகுப்புல எத்தனை பேர் மிஞ்சுவாங்கன்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. இருந்தும், “நான் இந்த ஸ்கூல்ல இருக்கிற வரைக்கும் ஹாலுக்குள்ள பெஞ்ச் நுழையாது” என்று சொல்லிவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை அவர் இல்லை.

துக்கம் விசாரிக்க வீட்டுக்குப் போனேன். ஐயா எனக்கு நாற்காலி போட்டார். “கடைசி வாரம் பூரா சாப்பிடும்போதுகூட அதே பேச்சுதான் சார். மைதானத்து சார் மனசு வச்சா நாலு குறையும், வைப்பார், நல்ல மனுஷன்தான்னு சொல்லிக்கிட்டே இருந்தா” என்றார். குறை சொல்லும் குரலில் அல்ல, சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

நேற்று ஹாலிலிருந்து வலைகளையும் மெத்தைகளையும் வெளியே எடுத்தேன். தடுப்பு வைத்தால் நான்கு வகுப்பு உட்காரும். டீச்சர் சொன்ன கணக்கு சரிதான். நான்கு சீட்டுகளை நானே பலகையில் குத்தினேன்.

இன்னும் ஐந்து இருக்கின்றன. பள்ளி திறக்க எட்டு நாள். அந்த ஐந்தையும் யார் குத்துவது? நூலகர் அவர்களே, உங்கள் வாசிப்பு அறையின் பின்பாதியில் பழைய அலமாரிகள்தானே நிற்கின்றன? வேதியியல் துறையினரே, உங்கள் சாமான் அறைக்கு இரண்டு ஜன்னல்கள் இருக்கின்றன, நான் எண்ணினேன். தலைமையாசிரியர் அம்மா, மன்னிக்க வேண்டும். இந்தப் பள்ளியிலேயே விசாலமான அறை உங்களுடையது.

அவரைப் புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போவது சுலபம். பிறகு ஐந்து வகுப்புப் பிள்ளைகளைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்க வைத்துவிட்டு, அவர் பணியைத் தொடர்வோம் என்று நாம் தீர்மானம் போட்டால், அது யாருக்கு அஞ்சலி?

இப்போது இரண்டு நிமிடம் எழுந்து நிற்கப் போகிறோம். அவரை நினையுங்கள். கூடவே உங்கள் அறையையும் நினையுங்கள். பலகையைத் தூக்கி வந்து இந்த அரங்கத்தின் வாசலில் வைத்திருக்கிறேன். ஐந்து சீட்டும் குண்டூசியும் பக்கத்து நாற்காலியில் இருக்கின்றன. வழியை மறித்துத்தான் வைத்திருக்கிறேன். யார் வெளியே போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

எழுந்து நிற்போம்.