எல்லைக்கு வெளியே போன நம்பர்

உக்காருங்கம்மா, ஒரத்தநாடு பஸ் அஞ்சேகாலுக்குத்தானே. வயல் நம்பர் எடுக்க நீங்க எழுதுன புரோகிராமைக் கொறை சொல்லல, ஜோராத்தான் ஓடுது. ஒன்னே ஒன்னு கேக்கணும். இப்ப ஒரு ஊருக்குக் கடைசி சர்வே நம்பர் இருநூத்திப் பன்னெண்டுன்னு எல்லை குடுத்துடுறோம். அதுக்கு மேல ஒன்னு விழுந்தா கம்ப்யூட்டர் தள்ளிட்டு வேற எடுக்குது. தள்ளுனது எங்கம்மா போவுது?

எங்கயும் போவாதா. அதான் எனக்குச் சரியாப் படல. தள்ளுனதையும் ஓரமா அச்சடிக்கச் சொல்லுங்களேன். எல்லையை யாரு குடுத்தாங்கன்னு ஒரு கையெழுத்தும் வேணும்.

சிரிக்காதீங்க. அப்பல்லாம் மிஷின் ஏது. நெல்லு எவ்வளவு வெளையுதுன்னு கணக்கெடுக்க ஊருக்கு ரெண்டு வயலை அறுத்துப் பாப்போம். எந்த வயலுன்னு நம்மளா எடுத்தா வெளைச்சலாப் பாத்து எடுத்துடுவோம்ல. அதுக்குத்தான் ரேண்டம் நம்பர் புஸ்தகம். பக்கத்தைப் பிரிச்சு மேலேருந்து வரிசையா வரணும், எல்லைக்கு மேல உள்ளதை அடிச்சிடணும். உள்ளாற வர்றதுதான் நம்ம வயலு. மந்திரியே சொன்னாலும் மாத்தக் கூடாது.

எழுபத்தொன்னாம் வருசம், தை மாசம். நான் வேலைக்கு வந்து எட்டு மாசம். ஒரு ஊருக்கு நூத்தி எம்பத்தேழு விழுந்துச்சு. கோவிந்தராசுன்னு ஒரு மிராசோட நெலம், குத்தகைக்கு உழுதவரு வேற ஆளு. குத்தகைக்காரங்க பேரைப் பதியணும்னு சட்டம் வந்த புதுசு. மிராசு என்னடான்னா, அந்த ஆளு என் வயல்ல கால் வச்சதே இல்லைன்னு தாசில்தார்ட்ட சொல்லிட்டாரு. வயலை அறுத்துட்டு நம்ம எழுதுற படிவத்துல சாகுபடி செய்யறவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்குல்ல. சர்க்கார் காயிதம். அதுல பேரு ஏறிட்டா மிராசு சொன்னது நிக்காது.

மெரட்டலாம் இல்லம்மா. மெரட்டியிருந்தா வீம்புக்காவது எழுதியிருப்பேன். வீட்டுக்குக் கூப்புட்டு எல போட்டாரு. மோர் ஊத்தும்போது, அரசப்பன் தம்பி, எங்க ஊருல நம்பரு நூத்தி எம்பதோட முடியுதுன்னு வச்சுக்கங்களேன்னாரு.

நம்பரை நான் தொடல. எல்லையைத்தான் எறக்கி எழுதுனேன். நூத்தி எம்பத்தேழு தானா வெளிய போயிடுச்சு. மேலதிகாரி பாத்துட்டு எல்லாம் முறைப்படி இருக்குன்னு கையெழுத்துப் போட்டாரு.

குத்தகைக்கு உழுத அந்த மனுசனுக்குத் தலையாரி முன்னாடியே சொல்லிட்டாரு போலருக்கு, உன் வயலுக்கு விழுந்திருக்குன்னு. கதிர் அறுக்க அருவாளைத் தீட்டி வச்சுக்கிட்டு, சலவை வேட்டி கட்டிக்கிட்டு வரப்புல நிக்கிறாரு. சார், இந்தப் பக்கம்னு கையக் காட்டுனாரு. நான் சைக்கிளை நிறுத்தல. திரும்பியும் பாக்கல.

சித்திரைக்குள்ள வயலை விட்டு எறக்கிட்டாங்க. குடும்பத்தோட ஊரை விட்டே போயிட்டாருன்னாங்க. இருவத்தஞ்சு வருசமா எந்த ஊருக்குப் பக்கத்தைப் பிரிச்சாலும் அந்த நம்பரைத்தான் என் கண்ணு தேடுது. வந்தா எல்லையை ரெண்டு தடவ சரிபாக்குறேன். வராட்டியும் பயமாத்தான் இருக்கு.

அவரு பேரா?

நீங்க வேலைக்குச் சேந்த அன்னிக்கு உங்க சர்வீஸ் புக்கு என் மேசைக்கு வந்துச்சு. தகப்பனார் பேரு பக்கிரி, பொறந்த ஊருன்னு அந்த ஊரு போட்டிருந்துச்சு. அன்னிக்கு வரப்புல அவரு இடுப்புல ஒரு கொழந்த இருந்துச்சும்மா. அப்பா இருக்காருங்களா?