கேட்டால் அடிக்காத அப்பா

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ். முன்சீட்டில் இரண்டு மீனவப் பெண்கள். கடலுக்குப் போன படகு திரும்பவில்லை என்று கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

சின்னவள் கண்ணை மூடி முணுமுணுத்தாள்: "அப்பா, என் வூட்டுக்காரர கரை சேத்துடு."

பெரியவள் திரும்பினாள். "யார்டி அப்பா?"

"சாமிதான்க்கா."

"செருப்பு கேட்டதுக்கு பெல்ட்ட எடுத்தவரு உங்க நைனா. சாமிய போய் அப்பான்னு கூப்புட எப்டி மனசு வருது?"

"அதனாலதான்க்கா. கேட்டா அடிக்காத அப்பா ஒருத்தராவது இருக்கட்டும்."

"மனு வாங்கனவன் கூட ரசீது குடுத்தான். உன் அப்பா இன்னா குடுத்தாரு?"

சின்னவள் மறுபடி கண்ணை மூடினாள்.

பூஞ்சேரி வந்தது. பெரியவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அதே படகுலதான் எம் புள்ளயும் கீறான். அவன் பேர சொன்னியா, இல்லியா?"