தட்டினால் விட வேண்டும்

ஓடுகிறோம். கடற்கரை மணல் கால்களை விடுவதாயில்லை. பின்னால் ஷெல் குத்தும் சத்தம், ஏவுகிறார்கள். டும். குத்தினால் எட்டு எண்ணுவதற்குள் விழும். எண்ணுகிறேன். ஆறில் பங்கர் குழிக்குள் குதிக்கிறோம்.

"பிள்ளை, தம்பிக்கு மேலை படு! எழும்பாதை!" அம்மா கத்துகிறாள்.

2009 சித்திரை. முள்ளிவாய்க்கால். எனக்கு ஒன்பது வயது. தம்பி நிலவனுக்கு நான்கு. அம்மாவின் கூறைச்சேலையைக் கிழித்துத் தைத்த மண்மூட்டைகள் சுற்றிலும் இருந்தன. முழுப் பாரத்தையும் போட்டு அவன்மேல் படுத்தேன். அவன் முகம் என் நெஞ்சுக்குக் கீழே. கூவிக்கொண்டு வந்து விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அவன் கை என் முதுகில் தட்டியது. டப், டப். மறுபடி டப், டப். பயத்தில் தட்டுகிறான் என்று இன்னும் இறுக்கினேன். பிறகு தட்டவில்லை. பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சத்தம் ஓய்ந்து எழுந்தபோது அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஷெல் அதிர்ச்சியில் போய்விட்டான் என்றார்கள். அம்மா நம்பினாள். நானும் நம்பினேன், பதினோரு வருடம்.

படகில் தமிழ்நாடு. முகாம். பிறகு ஹைதராபாத். மாமா போவன்பள்ளி சந்தையில் மூட்டை இறக்குகிறார். நானும் தூக்கினேன். என் தோளைப் பார்த்துத்தான் ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டாள். செகந்திராபாத்தில் பிறந்த தமிழச்சி. லோத்குண்டாவில் ஜூடோ கற்றுக்கொடுக்கிறாள். முதல் நாள், முதல் பாடம். கீழே கிடப்பவள் இரண்டு முறை தட்டினால் முடியவில்லை என்று அர்த்தம். உடனே விட வேண்டும். சின்னப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தட்டிக் காட்டினார்கள். நான் வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

போன மாசியில் தேர்வுப் போட்டி. அகதி வீராங்கனைகளுக்கு வெளிநாட்டில் பயிற்சி. இடம் ஒன்றே ஒன்று. அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும். எதிரே ரஹீமா, பர்மாவிலிருந்து தப்பி வந்தவள். அகதியும் அகதியும் மோதினோம். பார்க்க வந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. அவளை மல்லாத்தி அமுக்கிவிட்டேன். இருபது வினாடி அமுக்கினால் வெற்றி. பதினேழு. அவள் கை என் முதுகில் பட்டது. ஒரே ஒரு முறை. அவள் தட்டவில்லை, பிடிமானம் தேடினாள். நான் விட்டுவிட்டேன்.

"கைக்கு, ஏன் விட்டே? பிடி, பிடி!" ஸ்டெல்லா அக்கா அலறினாள்.

ரஹீமா புரண்டு என்மேல் ஏறினாள். எனக்கு மூச்சு முட்டியது. தட்டியிருக்கலாம். தட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருபது வினாடியும் கிடந்தேன். நான்கு வயது நெஞ்சுக்கு அது எவ்வளவு நேரம் என்று இப்போது தெரியும்.

இழந்தவை: வீடு. இரண்டு பசுக்கள். வெளிநாட்டுப் பயிற்சிக்கான அந்த ஓர் இடம். இழந்தவர்கள் மூவர்: அப்பா. பெரியண்ணை. நிலவன். மூன்று பேரையும் ஷெல் கொன்றது என்றுதான் அம்மா இன்றும் சொல்கிறாள். ஷெல் கொன்றது இரண்டு பேரை.