வந்துக்கிட்டே இருக்கேன்

அப்பா: கதவைச் சாத்திட்டாங்களே.

அம்மா: சாத்தத்தான் செய்வாங்க. பல்லு பிடுங்கறதை ஊரே நின்னு பார்க்கணுமா?

அப்பா: நாம ஊரா? பெத்தவங்க.

அம்மா: இந்த டாக்டர்கிட்ட அதான் சட்டம். அப்பா அம்மா பக்கத்துல நின்னா பிள்ளைங்க ரெண்டு பங்கு அழுமாம். சுவத்துல எழுதியே வெச்சிருக்காங்க, பாருங்க.

அப்பா: பார்த்தேன். நம்ம பட்டாணியை, ஏழு வயசுப் பிள்ளையை, அந்தப் பெரிய நாற்காலியில சாய்ச்சு வெச்சுட்டு, நாம இங்க உக்காந்து மீன் தொட்டியைப் பார்க்கணும்...

அம்மா: குறுக்கும் நெடுக்கும் நடக்காதீங்க. எனக்குத் தலை சுத்துது. உக்காருங்க.

அப்பா: எங்க உக்கார?

அம்மா: பெஞ்சு பூரா காலியாத்தானே இருக்கு. நான் ஒண்ணும் கடிச்சிட மாட்டேன்.

அப்பா: கடிப்ப. அனுபவம் பேசுது.

அம்மா: பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ...சட்டையில மேல் பொத்தான் எங்க?

அப்பா: போச்சு.

அம்மா: எப்ப?

அப்பா: நீ போனப்பவே. சும்மா சொன்னேன். போன வாரம்தான். உன் விரல் என்ன, இத்தனை கீறல்?

அம்மா: கண்ணாடி விளிம்பு. மூக்குக்கண்ணாடிக் கடையில தேய்ச்சுக் குடுக்கற பையன் லீவு. நானே லென்ஸ் தேய்க்கறேன். விடுங்க அதை. பல்லுக்காக மட்டும் உங்களை வரச் சொல்லல. ஒரு விஷயம் பேசணும்.

அப்பா: அதானே பார்த்தேன். பல்லுக்கு நீ ஒருத்தியே போதுமே. சொல்லு.

அம்மா: பட்டாணி வெளிய வர்றதுக்குள்ள சொல்லிடறேன். இனிமே சனிக்கிழமை அவ உங்க வீட்ல தங்க வேணாம். பகல்ல கூட்டிட்டுப் போங்க. பூங்கா, கடைத்தெரு, எங்க வேணாலும் போங்க. இருட்டறதுக்குள்ள என்கிட்ட கொண்டுவந்து விட்டுடுங்க.

அப்பா: வாரத்துல எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு ராத்திரிதான்.

அம்மா: தெரியும்.

அப்பா: தெரிஞ்சேதான் கேக்கறியா? என்ன பண்ணினேன் நான்? அழுதாளா? என்கூட இருக்கப் பிடிக்கலன்னு சொன்னாளா?

அம்மா: அதெல்லாம் இல்ல. சனிக்கிழமை வந்தா காலையிலேயே பையைத் தூக்கி மாட்டிக்கறா.

அப்பா: அப்புறம் என்ன?

அம்மா: சாமி தன்கிட்ட பேசறாருன்னு சொல்றா.

அப்பா: குழந்தைங்க ஆயிரம் சொல்லும்.

அம்மா: பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணு பாத்ரூம்ல மாட்டிக்கிச்சு. தாழ்ப்பாள் இறுகிப்போச்சு. உள்ள இருந்து ஒரே கூப்பாடு. நம்மளுது வெளிய நின்னுக்கிட்டு, பெரிய மனுஷி மாதிரி, "கதவைக் குத்தாத. நீ எங்க நிக்கறன்னு எனக்குத் தெரியும். கீழ உக்காரு. வந்துக்கிட்டே இருக்கேன்"னு சொல்லியிருக்கா. அந்தப் பொண்ணும் அடங்கிடுச்சு. டீச்சர் வந்து, யாரும்மா இதெல்லாம் உனக்குச் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டா, "சாமி. பயமா இருக்குன்னு சொன்னா சாமி இப்படித்தான் பதில் சொல்லுவாரு"ன்னாளாம்.

அப்பா: ...

அம்மா: என்ன, வாயில ஊசி உங்களுக்கும் போட்டுட்டாங்களா?

அப்பா: டீச்சர் உன்னைக் கூப்பிட்டாங்களா?

அம்மா: கூப்பிட்டாங்க. வீட்ல எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டாங்க. என்னத்தைச் சொல்ல?

அப்பா: நான் வேணும்னு பண்ணல.

அம்மா: லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களுக்குச் சொல்ற வார்த்தையை எடுத்து சாமி வாயில வெச்சிருக்கீங்க. வேணும்னு பண்ணலன்னா, கை தவறி விழுந்துச்சா?

அப்பா: கேளு. நீதான் அவளுக்குச் சொல்லிக் குடுத்த. பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ, சாமி எனக்குப் பயமா இருக்கு, நீ கூட இருன்னு சொல்லுன்னு...

அம்மா: ஆமா. சொல்லிக் குடுத்தேன். அதுல என்ன தப்பு?

அப்பா: தப்புன்னு யார் சொன்னா? என் வீட்ல அவ தங்கின முதல் நாள் ராத்திரி. புது இடம், புதுக் கட்டில். விளக்கை அணைச்சேன். அவளும் நீ சொன்ன மாதிரியே கையைக் கூப்பிச் சொல்லி முடிச்சா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "அப்பா, நான் சொல்லிட்டேன். சாமி என்ன சொன்னாரு?"ன்னு கேட்டா.

அம்மா: என்கிட்டயும் கேட்டிருக்கா.

அப்பா: நீ என்ன சொன்ன?

அம்மா: சில நேரம் பதில் வரும், பல நேரம் வராது, வரலன்னா அவர் போயிட்டாருன்னு அர்த்தம் இல்லம்மா, கேட்டுக்கிட்டுதான் இருக்காருன்னு சொன்னேன்.

அப்பா: உனக்கு அது தெரியும், சொன்ன. எனக்கு என்ன தெரியும்? கயிறு தெரியும், மோட்டார் தெரியும், கதவு தெரியும். பதினாறு வருஷமா இருட்டுப் பெட்டிக்குள்ள நிக்கறவங்ககிட்ட கதவுக்கு வெளிய நின்னு நான் பேசின ஆறுதல் அந்த நாலு வரிதான். உதடு துடிச்சுக்கிட்டு அவ என்னையே பார்த்துக்கிட்டு இருக்கா. இருக்கறதைக் குடுத்துட்டேன்.

அம்மா: சாமி சொன்னாருன்னு சொன்னீங்களா?

அப்பா: இல்ல. அவதான், "இது சாமி சொன்னதா?"ன்னு கேட்டா.

அம்மா: நீங்க?

அப்பா: "ம்"னுட்டேன்.

அம்மா: ஒரு "ம்".

அப்பா: ஒரே ஒரு "ம்"தான். அடுத்த நிமிஷம் தூங்கிட்டா. அதுக்கப்புறம் எந்த முகத்தோட மாத்திச் சொல்ல?

நர்ஸ்: பாப்பாவோட அப்பா அம்மாவா?

அம்மா: ஆமாங்க. அழறாளா?

நர்ஸ்: ஊசி போட்டாச்சு. மரத்துப் போகட்டும்னு இருக்கோம், பத்து நிமிஷம் ஆகும். வந்து... வேற யாராவது வர வேண்டியிருக்கா?

அப்பா: இல்லையே, ஏன்?

நர்ஸ்: டாக்டர் ஊசியைக் கையில எடுத்தாரு. பாப்பா அவரைப் பார்த்து, "பயப்படாதீங்க டாக்டர், உக்காருங்க, வந்துக்கிட்டே இருக்காரு"ன்னு சொல்லுது. பாவம், அதிலிருந்து டாக்டர் வாசக்கதவையே பார்த்துக்கிட்டு இருக்காரு.

அம்மா: யாரும் வரலங்க. நீங்க பாருங்க.

நர்ஸ்: சரிங்க. நல்ல தைரியமான பிள்ளை.

அப்பா: ...கேட்டியா? தைரியமான பிள்ளையாம்.

அம்மா: சிரிக்காதீங்க.

அப்பா: நீயும்தான் சிரிச்ச. பார்த்தேன்.

அம்மா: சிரிச்சா ஆச்சா? அந்த நாலு வரியை நான் எங்க கேட்டேன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?

அப்பா: மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்னுபோன லிஃப்ட்ல.

அம்மா: ...இருக்கு.

அப்பா: கையில மூக்குக்கண்ணாடிப் பெட்டி வெச்சிருந்த. அஞ்சாவது மாடி ஆபீசுக்குக் குடுக்கப் போயிட்டிருந்த. எத்தனை கண்ணாடி இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்கன்னேன். இருட்டுல எப்படிய்யா எண்ணுவேன்னு சண்டைக்கு வந்த.

அம்மா: தடவித் தடவி எண்ணினேன். பதினெட்டு.

அப்பா: கதவைத் திறந்தா, அதுல ஒண்ணை எடுத்து மாட்டிக்கிட்டு உக்காந்திருக்க.

அம்மா: கண்ணு கலங்கினது தெரியக்கூடாதுன்னு மாட்டினேன். நாப்பது நிமிஷம். உங்க முகம் எப்படி இருக்கும்னே தெரியாது. குரலை மட்டும் நம்பிக்கிட்டு உக்காந்திருந்தேன். சொன்னபடி வந்தீங்க.

அப்பா: வந்தேன்.

அம்மா: அன்னைக்கு வந்தீங்க. கல்யாணத்துக்கு அப்புறம்? ஊர்ல எவன் மாட்டிக்கிட்டாலும் இருபது நிமிஷத்துல போய் நிப்பீங்க. வீட்ல நான் மாட்டிக்கிட்டு நின்னேனே. பட்டாணிக்கு நூத்திமூணு காய்ச்சல். போன் பண்ணினேன். என்ன சொன்னீங்க?

அப்பா: ...வந்துக்கிட்டே இருக்கேன்னு.

அம்மா: எப்ப வந்தீங்க?

அப்பா: மறுநாள் காலையில.

அம்மா: பதினோரு பேர் மாட்டிக்கிட்டாங்கன்னு காரணம் வேற.

அப்பா: பன்னெண்டு.

அம்மா: பன்னெண்டு. பதிமூணாவதா நான் ஈரத்துணியை வெச்சுக்கிட்டு ஜன்னல்கிட்ட நின்னேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன். அந்த வார்த்தையை நம்பி நான் ஏமாந்தது போதாதா? நாளைக்கு அவ வளருவா. அது அப்பாவோட வார்த்தைன்னு ஒருநாள் தெரியும். வர்றேன்னு சொல்லிட்டு வராத ஆளுதான் சாமியும்னு அவ நினைச்சுட்டா? அப்புறம் பயம் வந்தா என் பிள்ளை யார்கிட்ட போகும்? அதான் தங்க வேணாம்னு சொல்றேன். உங்க மேல கோபத்துல இல்ல.

அப்பா: கோபப்பட்டிருந்தா பரவாயில்லைன்னு இருக்கு.

அம்மா: போன் அடிக்குது பாருங்க உங்க பையில. போங்க. எவனோ மாட்டிக்கிட்டான் போல.

அப்பா: அது பட்டறையில இருந்து. சாவி எங்கன்னு கேப்பாங்க. அப்புறம் பேசிக்கலாம்.

அம்மா: பட்டறையா?

அப்பா: லிஃப்ட்ல மாட்டினவங்களை எடுக்க ஓடற அவசர வேலையை விட்டுட்டேன். இப்ப பட்டறையில பழைய மோட்டாரைப் பிரிச்சுப் பூட்டற வேலை. ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடறேன்.

அம்மா: எப்ப இருந்து?

அப்பா: நாலு மாசம் ஆச்சு.

அம்மா: நாலு மாசமா ஆறு மணிக்கு வீட்டுக்கு வர்றீங்க. ஒரு வார்த்தை சொல்லல.

அப்பா: எதுக்குச் சொல்ல? ஆறு மணிக்கு வந்து கதவைத் திறந்தா வீட்ல யார் இருக்கா? இதை முன்னாடியே செஞ்சிருக்கணும். ரயில் போனப்புறம் டிக்கெட் எடுத்தவன் அதைப் போய்ப் பெருமையா சொல்லுவானா? இன்னொண்ணும் சொல்லிடறேன். நீ சிரிச்சாலும் சரி. அவ இல்லாத ஆறு ராத்திரியும் அவ கட்டில்ல உக்காந்து, நீ சொல்லிக் குடுத்ததை நான் சொல்றேன்.

அம்மா: நீங்களா? பாட்டரி இல்லாம கடிகாரம் ஓடினாலும் ஓடும், நீங்க கை கூப்ப மாட்டீங்களே.

அப்பா: கை கூப்பத் தெரியல. சும்மா மடியில வெச்சுக்கறேன். சாமி, எனக்குப் பயமா இருக்கு, நீ கூட இரு. அவ்வளவுதான். பதில் ஒண்ணும் வர்றதில்ல. நீ சொன்னியே, வரலன்னா போயிட்டாருன்னு அர்த்தம் இல்லன்னு... அதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கிடறேன்.

அம்மா: உங்களுக்கு என்ன பயம்?

அப்பா: இந்தப் பெஞ்சுல இப்ப நீ சொன்னியே, அவ தங்க வேணாம்னு, அந்தப் பயம்தான். ஒருநாள் சொல்லுவன்னு தெரியும்.

அம்மா: தண்ணி குடிக்கிறீங்களா? அந்த மூலையில இருக்கு.

அப்பா: வேணாம். ஒண்ணு கேக்கறேன். அது என் வார்த்தைதான்னு உனக்கு எப்ப தெரிஞ்சுது? டீச்சர் கூப்பிட்டப்பவா?

அம்மா: அதுக்கு முன்னாடியே.

அப்பா: எவ்வளவு முன்னாடி?

அம்மா: உங்க வீட்ல முதல் தடவை தங்கிட்டு வந்தாளே, மறுநாள் ராத்திரி படுக்கையில சொன்னா. முதல் வரியிலயே தெரிஞ்சுது.

அப்பா: அப்ப ஒரு வருஷமா தெரியும். ஏன் என்கிட்ட கேக்கல? ஏன் நிறுத்தல?

அம்மா: ...கேக்கல. அவ்வளவுதான்.

நர்ஸ்: முடிஞ்சுதுங்க. வாய் கொப்பளிக்குது பாப்பா. அஞ்சு நிமிஷத்துல கூட்டிட்டு வர்றேன். பல்லைப் பொட்டலம் கட்டித் தரணுமாம், அதுக்குத்தான் பஞ்சு தேடறோம்.

அம்மா: அழுதாளா?

நர்ஸ்: ஒரு சொட்டு இல்ல. டாக்டருக்குத்தான் வேர்த்துப் போச்சு.

அப்பா: ...கேளு. அவ வர்றதுக்குள்ள சொல்லிடறேன். நீ சொன்னது சரி. சாமி பேர்ல நான் பேசியிருக்கக் கூடாது. இன்னைக்கே அவகிட்ட சொல்லிடறேன்.

அம்மா: என்னன்னு?

அப்பா: அது சாமி சொன்னது இல்ல கண்ணு, அப்பாவுக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தை, பயத்துல உளறிட்டேன், அம்மா சொல்றதுதான் சரின்னு. அழுவா. அழட்டும், நான் பார்த்துக்கறேன். இனிமே ராத்திரி அதைச் சொல்ல மாட்டா. சனிக்கிழமையை மட்டும் என்கிட்ட இருந்து எடுத்துடாத.

அம்மா: வேணாம்.

அப்பா: என்ன வேணாம்?

அம்மா: அவகிட்ட சொல்ல வேணாம். சொன்னா நிறுத்திடுவா.

அப்பா: நிறுத்தணும்னுதானே இவ்வளவு நேரம் பேசின?

அம்மா: அவளுக்குப் பயம் போய் ஆறு மாசம் ஆச்சு. படுத்த உடனே தூங்கிடறா. நான்தான் தினம் அவளைத் தட்டி எழுப்பி, சாமி என்ன சொன்னாரு, இன்னொரு தரம் சொல்லுடின்னு கேட்டு வாங்கிக்கறேன்... சனிக்கிழமை ராத்திரி எனக்கு அதைச் சொல்ல என் வீட்ல ஆள் இல்ல.