குமிழி வந்த இடம்

உங்கள் ஸ்டேஷனில் சாயா நன்றாக இருக்கிறது சார். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் கிளாசின் அடியில் தூள் கிடக்கிறது, பாருங்கள். வடிகட்டியில் கிழிசல் இருக்கிறது. நடுவில் இருக்காது, விளிம்பை ஒட்டித்தான் இருக்கும். சக்கையைக் கொட்டுவதற்காகச் சுவரில் தட்டித் தட்டி வந்த கேடு அது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் புத்தி.

என் பெயர் ஞானதாசன். குவைத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை பார்த்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கும் ஆசுபத்திரிகளும் ஓட்டல்களும் என்னைத்தான் கூப்பிடும். அங்கே தண்ணீரை வடிகட்டுவது ஒரு சவ்வு. சவ்வு என்றதும் தோல்போல நினைக்க வேண்டாம். வெந்த சேமியாவைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டதுபோல இருக்கும், உள்ளே துளையுள்ள வெள்ளை நார்கள். தண்ணீர் மட்டும் நாருக்குள் போகும், அழுக்கும் கிருமியும் வெளியே நிற்கும். நார் கெட்டால் எல்லாமே உள்ளே போகும். ஏன் கெட்டது என்று சொல்வது என் வேலை. வெளியே வரும் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தே சொல்லிவிடுவேன். இதுவரை நான் சொன்னது தப்பியதில்லை. வாக்குமூலம் எழுதுகிறவர் அதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

அருமனைப் பக்கமுள்ள அந்தத் தனியார் ஆசுபத்திரியின் நிர்வாகி மத்தியாஸ் போன் செய்தார். சுத்திகரித்த தண்ணீர் கலங்கலாக வருகிறதாம். போனேன், குவளையைத் தூக்கிப் பார்த்தேன், குளோரின் என்றேன். சவ்வை அவ்வப்போது குளோரின் கரைசலில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். அளவு மீறினால் நார் மொத்தமும் உளுத்துப்போகும். எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனேன்.

அந்த நிலையத்தின் பொறுப்பு சுபிதாவிடம் இருந்தது. எங்கள் சபைப் பிள்ளை. ஆசுபத்திரியில் என்னை சார் என்பாள், ஆலய முற்றத்தில் மாமா என்பாள். நல்ல மரியாதை தெரிந்த பெண். அன்று மட்டும், ஒரு சோதனை செய்து பார்த்துவிடலாம் என்றாள். சட்டங்களை ஒவ்வொன்றாகத் தெளிந்த தண்ணீரில் அமிழ்த்தி, நார்களுக்குள் காற்றை அடைத்தாள். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பதுபோலத்தான். நார் உளுத்திருந்தால் எல்லா இடத்திலிருந்தும் குமிழி வரும்.

"சார், இஞ்ச பாருங்க. இந்த ஒரு சட்டத்துல, இந்த மூலையில இருந்து மட்டும்தான் வருது. ஊசி எதோ வந்து மாட்டிக் கீறியிருக்கு. நாலஞ்சு நாருதான் போயிருக்கு. பசை வச்சு அடச்சா மதி, மொத்தமா மாத்தண்டாம்."

குமிழி ஒரு மூலையிலிருந்து மட்டும்தான் வந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன். மத்தியாஸ் நல்ல மனிதர், என் தோளில் கை வைத்தார். "எல்லா தடவையும் ஒரு மனுசனுக்குச் சரியா வருமா அண்ணே? விடுங்க," என்றார்.

அவர் திட்டியிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்த ஆறுதல்தான் என்னை அறுத்தது. வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன். என் மனைவி என்ன ஏது என்று கேட்டாள், அவள் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு நிதானமாக யோசித்தேன். நான் சொன்னது தப்பில்லை, கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான் என்று தெளிந்தது. மனதும் அடங்கியது.

சட்டங்களை ஞாயிறு முழுவதும் லேசான கரைசலில் ஊறவைத்துவிட்டு, திங்களன்று அடைப்பதாகச் சுபிதா சொல்லியிருந்தாள். ஞாயிறு ஆராதனை நேரத்தில் அங்கே ஆள் இருக்காது. அவளும் ஆலயத்தில்தான் இருப்பாள், பாடகர் குழுவில் பாடுகிறவள். பக்கத்து அறையிலிருந்த குளோரின் கேன்களை எல்லாம் அந்தத் தொட்டியில் கவிழ்த்தேன். காலிக் கேன்களில் தண்ணீர் நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்தேன். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் போனபோது போதகர் ஆசீர்வாதம் கூறிக்கொண்டிருந்தார். தலை குனிந்து வாங்கிக்கொண்டேன்.

சுபிதா நார்களை அடைத்துச் சட்டங்களைத் திரும்ப மாட்டினாள். சில நாளிலேயே தண்ணீர் முன்னைவிடக் கலங்கியது. என்னைக் கூப்பிட்டார்கள். இந்த முறை சோதனை செய்யலாம் என்று நானே சொன்னேன். உலை கொதிப்பதுபோல எல்லா நாரிலிருந்தும் குமிழி வந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. ஒரு நாரை எடுத்து முறுக்கினேன், பொடிந்தது. மத்தியாஸ் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

"நான் அளந்துதான் ஊத்துனேன் சார்," என்று சுபிதா என்னைப் பார்த்துச் சொன்னாள். "நீங்களாவது சொல்லுங்க."

அளக்கும்போது கை தவறுவது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று அவளுக்காகப் பரிந்து பேசினேன். அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

புதிய சவ்வு வர வாரங்கள் ஆகும். அதுவரை வருகிற தண்ணீரை என்ன செய்ய என்று மத்தியாஸ் கேட்டார். லாரி வைத்து அள்ளலாம். அள்ளினால் நாலு பேர் விசாரிப்பார்கள், யாராவது கேனைத் திறந்து மோந்து பார்ப்பார்கள். "சானல்ல வெள்ளம் நெறைய போவுதில்லியா, அதுல விடுங்க. ஒண்ணும் ஆவாது," என்றேன். என் வாக்கை அவர் மறுபடியும் சந்தேகிக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

அந்தச் சானல் பாசனத் தண்ணீரோடு எங்கள் ஆலயத்தின் பின்புறமாகப் போகிறது. அதற்கடுத்த வாரம் அசனம். வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லோரும் ஒரே பந்தியில் இருந்து உண்கிற விருந்து. பணக்காரன், கூலிக்காரன் என்று பார்க்க மாட்டோம், யாரும் சாப்பிடாமல் போவதில்லை. பரிமாறுகிற வாளி, அகப்பை, இலை எல்லாம் சானலில்தான் கழுவுவார்கள். எனக்கு அது தெரியும். கழுவுகிறபோது படித்துறைக்கு மேலேதான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

கழுவியவர்களில் பூங்கனி அக்காவும் உண்டு, சுபிதாவின் அம்மா. மகளுக்கு வேலை போன வருத்தத்தை என்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. "மக்கா, நீ பந்தியில இரிக்கல்லியா?" என்றார்.

"வயிறு சொகமில்ல அக்கா."

"அப்போ வீட்டுக்குக் கொண்டு போ. அசனச் சோறு வேண்டாம்னு சொல்லப்பிடாது." ஒரு தூக்குவாளி நிறையச் சோறும் கறியும் போட்டுத் தந்தார். வழியில் ஒரு ரப்பர் மரத்து மூட்டில் கொட்டிவிட்டு, வாளியைக் கழுவாமலேயே திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பாதி ஊர் வாந்தி வயிற்றுப்போக்கில் படுத்தது. பலரை அந்த ஆசுபத்திரியிலேயேதான் சேர்த்தார்கள், ஆகவே தண்ணீர் இன்னும் மோசமாக வந்தது. மூன்று பேர் இறந்தார்கள். பூங்கனி அக்காவின் அடக்கத்துக்கு முதல் மாலை நான் கொண்டுபோனதுதான். கல்லறைப் பக்கத்தில் நின்றுகொண்டு சுபிதா என்னையே பார்த்தாள். "மாமா, நீங்க மட்டும் ஏன் அசனம் சாப்பிடல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். அதைத்தான் உங்களிடமும் வந்து சொல்லியிருக்கிறாள். கெட்டிக்காரி. எங்கிருந்து குமிழி வருகிறது என்று அவளுக்குப் பார்க்கத் தெரியும்.

ஆம் சார், குளோரினைக் கொட்டியது நான். சானலில் விடச் சொன்னதும் நான். சாவார்கள் என்று நினைத்தேனா என்றால், நினைக்காமலா சாப்பிடாமல் இருந்தேன். வருத்தம் இருக்கிறது. ஆனால் ஒன்று, லேப் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். நார் கெட்டதற்குக் காரணம் குளோரின் என்றுதான் அதில் இருக்கும். நான் முதல் நாள் சொன்ன அதே சொல்.

வடிகட்டியைக் கொண்டுவந்துவிட்டீர்களா. கிழிசலே இல்லை என்கிறார் உங்கள் ஏட்டையா. வெளிச்சத்தில் பிடித்தால் எனக்கும் முழுதாகத்தான் தெரிகிறது. இங்கே கொடுங்கள், கையெழுத்துப் போட அந்தப் பேனாவையும் கொடுங்கள். நைலான் வலை, பழசு. முனையை வைத்து லேசாக அழுத்தினால் போதும். இதோ, இப்போது பாருங்கள் சார். விளிம்பை ஒட்டித்தான் இருக்கிறது, நான் சொன்ன இடத்தில்.